காகிதக் கூரை

எங்கள் தென்னேரியில் மழை பெய்தால் சந்தோஷப்படுகிறவர்கள் ஒரு பாதி. சங்கடப்படுகிறவர்கள் மறு பாதி. ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவன் வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிறான். வீட்டுக்குள் தறி வைத்திருப்பவன் வானத்தைப் பார்த்துவிட்டு, உடனே அண்ணாந்து தன் வீட்டுத் தளத்தைப் பார்க்கிறான். அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்த ஒரு மனிதருக்கு நான் இழைத்த துரோகத்தைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். துரோகம் என்பது பெரிய வார்த்தை என்று நினைக்கும் வாசகர்கள், முழுக்கப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.

2021-ஆம் வருஷத்துக் கோடையில் என் வீட்டு மொட்டை மாடிக்கு நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு ஒன்றை அடிக்கச் செய்தேன். ஒரு கம்பெனியின் ஏஜெண்டு வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. தேன் சொட்டும் பேச்சு. வேலை முடிந்த அன்று, பளபளக்கும் காகிதத்தில் தங்க முத்திரை போட்ட ஒரு பத்திரத்தை, ஏதோ பட்டமளிப்பு விழாவில் கொடுப்பது மாதிரி என் கையில் கொடுத்தார். நடுவில் கொட்டை எழுத்தில், '10 வருஷ உத்தரவாதம்'.

அடுத்த வீட்டு நெசவாளர் என்னைவிட மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கும் தளம் போட்ட வீடு. அந்தத் தளத்தின் கீழே குழித்தறி. பத்திரத்தை அவரிடம் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"ஒழுகினா வந்து பார்ப்பாங்களா, ஸார்?"

"பத்து வருஷம்னு அச்சடிச்சே குடுத்திருக்கான், அண்ணே!" என்றேன்.

அவர் கேட்டது கேள்வி. நான் சொன்னது பதிலே இல்லை. ஆனால் அச்சடித்த எழுத்தின் மீது எழுத்தாளனுக்கு இருக்கிற மூட நம்பிக்கை அப்படிப்பட்டது! ஸாரே சொல்லிவிட்டார் என்று அந்த மனிதர் கடன் வாங்கி, அதே கம்பெனியை அழைத்து, அதே பூச்சை அடித்து, அதே பத்திரத்தை வாங்கி, சுவாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்துவிட்டார்.

2023-ஆம் வருஷம் ஐப்பசியில், சாதாரண மழையிலேயே, அவர் வீட்டுத் தளத்தில் ஈரம் படர்ந்தது. கம்பெனிக்குப் போன் செய்தோம். 'ஆளை அனுப்புகிறோம்' என்றார்கள். மறுபடி செய்தோம். மறுபடி அதே பதில். ஐந்து வாரம் ஓடிப் போயிற்று. டிசம்பர் 3-ஆம் தேதியும் 4-ஆம் தேதியும் மிக்ஜாம் புயலின் மழை சென்னையையும் சுற்றுப்புற ஜில்லாக்களையும் புரட்டி எடுத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இரவில் ஈரம் சொட்டாயிற்று, சொட்டு ஒழுக்காயிற்று. தறியில் மூன்று புடவைக்கான பாவு ஏறியிருந்தது. ஒன்று நெய்து முடிந்து சுருட்டியாகிவிட்டது, இரண்டாவதில் பாதி. சந்தன நிற உடலுக்கு அரக்குக் கரை. விடிந்து பார்த்தபோது கரையின் அரக்கு உடலுக்குள் இறங்கியிருந்தது. தறிக்குழியில் கணுக்கால் அளவு தண்ணீர்.

பாவும் சரிகையும் அவருடையவையல்ல, முதலாளி கொடுத்தவை. கெட்டுப் போனதற்குக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

டிசம்பர் நடுவில் கம்பெனி ஆள் வந்தார். போட்டோ எடுத்தார். ஒரு படிவத்தில், 'புயலினால் ஏற்பட்ட சேதம். உத்தரவாதத்தில் அடங்காது' என்று எழுதினார். ஐப்பசியிலேயே சொன்னோமே என்றோம். "அதுக்கு ரெக்கார்டு இல்லீங்களே" என்றார். ஒரு வாரம் கழித்து, நல்லெண்ணத்தின் அடையாளமாக ஒரு டின் பூச்சு வந்து இறங்கியது. அடிக்கிற கூலி நம்முடையது!

அன்று இரவுதான் அந்தப் பத்திரத்தை முதல் தடவையாகப் படித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அச்சுப் பிழை திருத்தும்போது ஓர் ஒற்று விட்டுப்போனாலும் அச்சகத்துக்காரரிடம் சண்டைக்குப் போகிறவன் நான். அறுநூறு பக்க நாவலை ஒரே மூச்சில் படிக்கிறவர்கள் நீங்கள். நம்மில் எத்தனை பேர் நம் தலைக்கு மேலிருக்கும் கூரையைப் பற்றிய நாலு பக்கத்தைப் படித்திருக்கிறோம்? அந்த நாலு பக்கமும் இங்கிலீஷில், எறும்பு ஊர்கிற எழுத்தில் இருந்தது வேறு விஷயம். பத்து வருஷம் என்பது மட்டும் தமிழில் இருந்தது. தூண்டிலில் புழு வெளியே தெரியும். முள் உள்ளே இருக்கும்.

ஷரத்துகளைச் சொல்கிறேன், கேளுங்கள். தளத்தில் விரிசல் விட்டால் உத்தரவாதம் இல்லை. தண்ணீர் தேங்கினால் இல்லை. பூச்சுக்கு முன் தளத்தைச் சரியாகச் சுத்தம் செய்யாமலிருந்தால் இல்லை. சுத்தம் செய்தவர்கள் கம்பெனியின் ஆட்களே ஆனாலும் அவர்கள் 'தனிப்பட்ட ஒப்பந்தக்காரர்கள்' ஆகையால் கம்பெனி பொறுப்பாகாது. மாடியில் ஆள் நடமாட்டம் அதிகமிருந்தால் இல்லை. புயல், வெள்ளம், தெய்வச் செயல் இருந்தால் இல்லை. இவ்வளவு வேலிகளையும் தாண்டி ஒருவன் உள்ளே போய்விட்டால், அவனுக்குக் கிடைப்பது பூச்சு மருந்து மட்டும். அதுவும் கழிந்த வருஷங்களுக்கு விகிதாசாரம் கழித்துக்கொண்டு. உள்ளே இருக்கிற பொருளுக்கு நேர்ந்த சேதத்துக்கு எந்தக் காலத்திலும் பொறுப்பில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேலைக்கு மொத்தம் 60,000 ரூபாய் ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் மருந்து 22,000. கூலியும் மற்றதும் 38,000. ஆறு வருஷம் கழித்து ஒழுகுகிறது. மீதி நாலு வருஷம். கம்பெனி தரக் கடமைப்பட்டது 22,000-இல் பத்தில் நாலு பங்கு, 8,800 ரூபாய் பெறுமான மருந்து. பழைய பூச்சைச் சுரண்டி எடுக்கவும் புதிதாக அடிக்கவும் ஆகிற செலவு உங்கள் தலையில். பத்து வருஷம் என்று நீங்கள் கேட்டது, ஆறாவது வருஷத்தில் ஏழில் ஒரு பங்காகக் குறுகிவிட்டது!

மழைத் தண்ணீர் தேங்கினால் உத்தரவாதம் இல்லை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மொட்டை மாடி ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணமே, கொத்தனார் வாட்டம் சரியாக வைக்காமல் தண்ணீர் நிற்பதுதான். அதற்காகத்தான் நாம் பூச்சுக்காரனைத் தேடிப் போகிறோம். 'மழையில் நனையாமலிருந்தால் மட்டும் இந்தக் குடைக்கு உத்தரவாதம் உண்டு' என்று ஒருவன் குடை விற்றால் அவனை என்ன செய்வீர்கள்?

தெய்வச் செயலுக்கு வருகிறேன். எனக்கு மகா கோபம் இதில்தான். ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் புயல் கிளம்புவது இந்தச் சீமையில் தெய்வச் செயலா, பஞ்சாங்கமா? காஞ்சிபுரத்துக்கு வருஷ மழையில் பெரும்பங்கு இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. 2015-இல் வெள்ளம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா. 2023-இல் மிக்ஜாம். காற்றும் மனிதன் கணக்கிடாத அதிசயமல்ல, கட்டடங்களின் மீது காற்று எவ்வளவு வேகத்தில் மோதும் என்று இந்தியத் தர விதியில் எழுதியே வைத்திருக்கிறார்கள் (ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி). சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அதைத் தாங்குகிற மாதிரி கட்டு என்று இஞ்சினீயருக்குச் சொல்லியாகிவிட்டது. கூரைக்காரன் மட்டும் காற்றைக் கண்டதும் தெய்வத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பி ஓடலாமாம்! தெய்வம் கோர்ட்டுக்கு வராது என்ற தைரியம்.

ஒரு கம்பெனியோடு போகிற விஷயமல்ல என்பதற்காகச் சொல்கிறேன்: வர்ணம் பூசிய தகரக் கூரை போடுகிறவர்களின் பத்திரங்கள் இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் 10 வருஷம், இன்னொன்றில் 15. நம்மைப் போன்றவர்கள் 15-ஐத்தான் எடுப்போம். ஆனால் 15 வருஷம் சொன்னவன் உத்தரவாதம் தருவது வர்ணம் உரியாது, தகடு துருப்பிடித்து ஓட்டை விழாது என்பதற்கு. தகரக் கூரை ஒழுகுவது தகடு ஓட்டையாகியா? திருகாணியின் கீழே இருக்கிற ரப்பர் வில்லை வெயிலில் காய்ந்து வெடித்து, அந்த வழியாகத்தான் முதல் சொட்டு இறங்குகிறது. ஒரு தகட்டின் மேல் இன்னொன்று ஏறும் இடத்தில் காற்று வாட்டம் பார்க்காமல் போட்டால் அங்கே இறங்குகிறது. வெட்டிய விளிம்பில் துரு ஏறுகிறது. திருகாணி, வில்லை, வெட்டிய விளிம்பு, பொருத்துகிற வேலை—நாலும் இரண்டு பத்திரத்திலும் விலக்கு! பத்து பெரிதா, பதினைந்து பெரிதா என்று கடைக்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்த என் அறியாமையை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆக, பொருள் கெடாது என்று பண்டம் செய்தவன் சொல்வது ஒன்று. வேலை கெடாது என்று வேலை செய்தவன் சொல்வது வேறொன்று. முன்னதை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். பின்னதை வாயால் சொல்கிறார்கள். ஒழுகுவதோ பெரும்பாலும் பின்னதனால்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 'கியாரண்டி' என்றால் மூன்று பேர் வேண்டும்: கடன்பட்டவன், கடன் கொடுத்தவன், நடுவில் ஜாமீன் நிற்கிறவன். தன் பூச்சுக்குத் தானே கியாரண்டி என்று கம்பெனி எழுதிக் கொடுக்கும்போது ஜாமீன் யார்? தனக்குத் தானே! 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டமோ 'வாரண்டி' என்பதை இரண்டாந்தரமான வாக்கு என்றே வைத்திருக்கிறது. அது பொய்த்தால் நஷ்ட ஈடு கேட்கலாம், சரக்கைத் திருப்ப முடியாது. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம், வீட்டில் குறை தெரிந்தால் ஐந்து வருஷத்துக்குள் சொல். முப்பது நாளில் காசு வாங்காமல் சரி செய்ய வேண்டும் என்கிறது. அருமையான ஷரத்து. ஆனால் அது வீடுகளைக் கட்டி விற்கிற புரமோட்டருக்கு. மேஸ்திரியைக் கூப்பிட்டுத் தளம் போட்டுக்கொண்ட தென்னேரி நெசவாளருக்கு அது எட்டாத மாம்பழம்.

அவருக்கு எட்டுவது நுகர்வோர் சட்டம். வீடு கட்டுவதும் சேவைதான் என்று 1993-லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2019-ஆம் வருஷத்துப் புதுச் சட்டப்படி, தான் குடியிருக்கும் ஜில்லாவிலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்ச ரூபாய் வரை கட்டணமில்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தறி வைத்திருக்கிறாய், ஆகவே நீ வியாபாரி என்று எதிர்க்கட்சி வக்கீல் சொன்னால், வயிற்றுப் பிழைப்புக்காகத் தானே செய்யும் தொழில் வியாபாரத்தில் சேராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. ஒருதலையான ஷரத்துகளுக்கு 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற பெயரும் அதில் உண்டு. ஆனால் அதைக் கேட்க மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். இதையெல்லாம் அண்ணனிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அதுக்கு எத்தினி நாள் தறியை விட்டு இறங்கணும், ஸார்?" என்றார். மறுபடியும் அவர் கேட்டதுதான் கேள்வி. மறுபடியும் என்னிடம் பதில் இல்லை.

வெளிநாட்டைப் பார். பிரான்ஸில் 1804-ஆம் வருஷத்துச் சிவில் சட்டத்திலேயே கட்டுகிறவனுக்குப் பத்து வருஷப் பொறுப்பு உண்டு. 1978-இல் அதற்கு இன்ஷூரன்ஸும் கட்டாயமாக்கினார்கள். கட்டினவன் திவாலானாலும் வீட்டுக்காரன் தெருவில் நிற்க வேண்டியதில்லை. அங்கே பத்து வருஷம் என்பது சட்டம் போட்ட கட்டளை. இங்கே ஏஜெண்டு போட்ட கோலம். அமெரிக்காவில் 1975-இல் ஒரு சட்டம் செய்தார்கள். உத்தரவாதப் பத்திரத்தின் நெற்றியிலேயே அது முழு உத்தரவாதமா, வரம்புக்குட்பட்டதா என்று எழுத வேண்டும். வாங்குவதற்கு முன்பே படிக்கக் கொடுக்க வேண்டும். அங்கேயும் கூரைக்காரர்கள் 'ஆயுள் உத்தரவாதம்' என்று எழுதி வருஷா வருஷம் கழித்துக்கொள்கிறார்கள் என்பது உண்மையே. ஆனாலும் நெற்றியில் நாமத்தைப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும்! நாமோ முன்பணம் கொடுத்து, வேலை முடிந்து, பாக்கியும் தீர்ந்த பிறகு, பத்திரத்தைப் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொள்கிறோம்.

வெளிநாடு எதற்கு? தென்னேரிக் கந்தளீசுவரர் கோயிலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தால் போதும். சோழர் காலத்து எழுத்து அங்கே கல்லில் நிற்கிறது. அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் 'சந்திராதித்தவல்' என்று ஒரு சொல் வரும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை. இன்றைய ஆயுள் உத்தரவாதத்துக்கெல்லாம் பாட்டன். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் வெட்டிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. நந்தா விளக்குக்கு ஒருவன் ஆடு விடுகிறான் என்றால், கொடுத்தவன் யார், ஆடு எத்தனை (பல இடங்களில் தொண்ணூறு, சில இடங்களில் தொண்ணூற்றாறு), பெற்றுக்கொண்ட இடையன் யார், தினம் அளக்க வேண்டிய நெய் எவ்வளவு, எந்த நாழியால் அளப்பது—எல்லாம் எழுதியிருக்கும். அந்த ஆட்டுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகாதா? சாகும். செத்தால் குட்டியைக் கொண்டு எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டியது இடையன் பொறுப்பு. அதனால் அது சாவதுமில்லை, மூப்பதுமில்லை. இவ்வளவும் ஊர்க்காரன் பேசுகிற பாஷையில், ஊர் கூடுகிற இடத்தில், ஆள் உயரத்தில். எந்த ஆடு செத்தால் பொறுப்பில்லை என்று நாலு பக்கம் எழுதவில்லை!

உடனே, 'பழமையைப் பாடுகிறான்' என்று சொல்லிவிடாதீர்கள். தேக்குக் கட்டையின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் அடித்து, மேலே தட்டோடு பதித்த மெட்ராஸ் தளத்தின் கீழேதான் நான் பிறந்தேன். அதுவும் ஒழுகியது. கூடத்தில் மூன்று பாத்திரம் வைத்துவிட்டுத்தான் என் தாயார் படுப்பாள். ஆனால் கொத்தனார் இரண்டு தெரு தள்ளி இருந்தார். மழை விட்டதும் அவர் வரவில்லையென்றால், என் தாயார் அவர் வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவாள். கம்பெனிக்கு வாசல் எங்கே இருக்கிறது?

எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்றால் கம்பெனி திவாலாகிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயம். அப்படியானால் பத்து வருஷம் என்று சொல்லாதே. மூன்று வருஷம் சொல். மருந்தும் கூலியும் என்னுடையது என்று சொல். கூப்பிட்டால் பத்து நாளில் வருவேன் என்று சொல். ஐப்பசி கார்த்திகை மழைக்குத்தான் இந்தப் பூச்சு என்று சொல். இதைத் தமிழில் எழுதி, முன்பணம் வாங்குவதற்கு முன்னால் என் கையில் கொடு. மூன்று வருஷத்தை நான் பத்து வருஷத்தைவிட அதிக விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். முடியாதென்றால், உன் தங்க முத்திரையைச் சாக்லேட்டுக்கு ஒட்டிக்கொள்.

போன சித்திரையில் அண்ணன் வீட்டுத் தளத்தைத் திரும்பச் செப்பனிட்டோம். ஊர் மேஸ்திரிதான். விரிசலைக் கொத்தி அடைத்து, வாட்டம் சரி செய்து, மேலே தட்டோடு பதிப்பதாக ஏற்பாடு. பாதிச் செலவு என்னுடையது. அதற்கு அண்ணன் ஒப்புக்கொள்ள மூன்று மாதம் ஆயிற்று. முத்திரைத்தாளில் நான் எழுதினேன். எழுத எழுத மேஸ்திரி குறுக்கிட்டார்.

"மூணு வருஷம் எழுதுங்க, ஐயா. நாலு வேணாம். அப்புறம், மேலே தண்ணி டேங்க்கு ஏத்தி வெச்சா நான் பொறுப்பில்ல. அதையும் இப்பவே எழுதிடுங்க."

"புயல் வந்தா?" என்று அண்ணன் கேட்டார்.

மேஸ்திரி மாடிப்படியில் ஏறி, தளத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "கைப்பிடிச் சுவர் ஓரத்துல ஒரு வரிசை கூடப் போடணும். அதுக்கு ரெண்டாயிரம் ஆவும். போட்டா, புயலும் என் கணக்கு" என்றார்.

அதையும் எழுதினேன். முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தேன். 'பொறுப்பில்லை' என்று வந்த இடத்தில் நிறுத்தி, அண்ணன் அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகுதான் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.